தோட்டாக் கூடு கழுவும் காளிதாசன்

காளிதாசன் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து, கடைக்காரி தேவகி தட்டில் கொட்டி வைத்திருந்த எஃகு ஊசிகளின் மேல் காட்டினார். ஊசிகள் துள்ளி ஒட்டிக்கொண்டன. இரண்டு மட்டும் தட்டிலேயே கிடந்தன.

"பாத்தியா தங்கச்சி? ரெண்டு வரமாட்டேங்குது. கலப்படம்லா."

அவை தீக்குச்சித் துண்டுகள் என்று தேவகி எடுத்துக் காட்டினாள். "தீக்குச்சி எப்படி உள்ள வந்துச்சு?" என்று அதற்கும் சந்தேகப்பட்டார்.

சுங்கை லாலாங்கில் செம்பனைக் காட்டை ஒட்டிய துப்பாக்கி சுடும் கிளப்பில் அவருக்குப் பதினெட்டு வருஷ வேலை. அதற்கு முன் எஸ்டேட்டில் ஜாகா, அதாவது காவல்காரர். உறுப்பினர்கள் சுட்டுத் தள்ளிய பித்தளைத் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி, கழுவி, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. அவற்றில்தான் மறுபடி வெடிமருந்து நிரப்புவார்கள். கழுவும் மிஷினில் கூடுகளோடு சுழன்று அழுக்கைத் தேய்க்கும் ஊசி ஒன்று உள்ளே தங்கிவிட்டால் சுடுகிறவருக்கு ஆபத்து. போன மாதம் அப்படி ஒன்று தங்கி, நல்லவேளையாக, நிரப்பும் மேசையிலேயே அகப்பட்டது. செயலாளர் மனோகரன் திட்டவில்லை. "பழைய மிஷின் ரோசாக், கெட்டுப்போச்சு போல. புதுசு நீங்களே பாத்து வாங்கிக்குங்கண்ணே. இன்னொரு வாட்டி ஆச்சுன்னா, வேற ஆள்தான் பாக்கணும்" என்றார்.

எதையும் நம்புவது காளிதாசனுக்கு ஆகாது. பெட்ரோல் நிலையத்தில் மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பசாரில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்த கையோடு பக்கத்துக் கடை மீனையும் தூக்கிப் பார்ப்பார். பல் டாக்டர் பிடுங்கிக் காட்டிய பல்லைப் பார்த்து, "இது என் பல்லுதானா?" என்று கேட்டவர். நம்பிக் கெட்டது ஒரே ஒரு முறை, அதுவும் பெண்டாட்டியை. வெள்ளிக்கிழமை தவறாமல் குத்துவிளக்கு துலக்கும் ஜெயமலர், "புளி போடுங்க, பித்தளை தங்கமாட்டம் மின்னும்" என்று சொல்ல, ஒரு கட்டிப் புளியை மிஷினுக்குள் போட்டு நாள் முழுக்க ஓட்டிவிட்டார். கூடுகள் இளஞ்சிவப்பாக வெளுத்து, மறுபடி நிரப்ப லாயக்கில்லாமல் வந்தன. அன்றிலிருந்து வீட்டுக் குழம்பைக்கூட அவர் முகர்ந்து பார்த்துத்தான் ஊற்றிக்கொள்கிறார்.

தேவகி சுங்கைப்பட்டாணியில் நகை ஆசாரிகளுக்குச் சாமான் விற்பவள். உருளைக்குள் தண்ணீர், சவுக்காரம், ஊசி எல்லாம் போட்டு மூடிச் சுழற்றும் மிஷின் அவளிடம் இரண்டு இருந்தன. பெரியதற்கு ஊசி, சின்னதற்குத் தட்டையான எஃகுச் சில்லு. மூடி கசியுமா, ரப்பர் உதிருமா, மோட்டார் நிஜமாகவே புதுசா என்று துருவியெடுத்த காளிதாசன், கிளப்பின் அனுமதிக் கடிதத்தோடு கொண்டுவந்திருந்த இருபது கூடுகளை நீட்டினார். "பெருசுல போடு. என் கண்ணு முன்னால ஓட்டு." இரண்டு மணி நேரம் இடத்தை விட்டு அசையவில்லை. அவள் வாங்கித் தந்த தேத்தண்ணி ஆடை படிந்து ஆறிப்போனது.

கூடுகள் பளபளவென்று வெளியே வந்தன. ஒவ்வொன்றையும் காதருகே குலுக்கினார். வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார்.

"பெத்துல், எல்லாம் சரி. ஒண்ணுலயும் ஊசி இல்ல. இதையே எடுத்துக்கறேன்."

தேவகி பேசாமல் இருந்திருந்தால் பெரிய மிஷின் விலை போயிருக்கும். அவள் ஒரு கூட்டை எடுத்துப் பார்த்து, ஆணியால் நெம்பினாள். அதன் கழுத்தில் குறுக்காக இறுகியிருந்த இரண்டு ஊசிகள் மேசையில் விழுந்தன.

"நீதான் உள்ள விட்டே."

"நான் எதுக்குண்ணே விடறேன்? என் யாவாரத்த நானே கெடுத்துக்கவா?" இன்னொன்றை நீட்டினாள். "இதுலயும் இருக்கு. நல்லா பாருங்க."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டுக்குள் வெள்ளையாகப் புகை மூட்டம்தான் தெரிந்தது. இறுகிக்கொண்ட ஊசி, குலுக்கினால் சத்தமும் போடாது. போன மாத ஊசி மிஷினின் குற்றமல்ல, தன் கண்ணின் குற்றம் என்று அவருக்குப் புரிந்தது.

"சின்னத எடுத்துக்குங்கண்ணே. சில்லு உள்ள மாட்டாது."

"வெடிப்பு விட்ட கூடு வந்தா? அத எந்த மிஷின் பாக்கும்?"



காளிதாசன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வலது கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துப் பிடித்தபடி, டியூப்லைட்டுக்கு நேராக, முகத்தை அவளிடம் நீட்டினார்.