தம்பி சொன்ன வீட்டுச் சாமான்கள்

என் தம்பியின் மூளைக்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். அதில் அவனைத் தோற்கடித்தது நான்.

நாயுடுபேட்டைப் பக்கம் புதுப்புதுக் கம்பெனிகள் வந்த காலம் அது. ஆந்திராவுக்குள் இருக்கும் எங்கள் சத்யவேடு பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக அங்கே வேலைக்குப் போனார்கள். தம்பியும் போனான். இரண்டு வருஷத்தில் அவன் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மனச்சிதைவு என்றார்கள் திருப்பதி ஆஸ்பத்திரியில். மாத்திரையில் ஆள் தேறினான். ஒரு வருஷம் நல்லபடியாக இருந்தான். வேலைக்குத் திரும்பலாம் என்று டாக்டர் கடிதம் கொடுத்தால் மறுபடி சேர்த்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொன்னார்கள். அந்தக் கடிதத்துக்காகத்தான் அன்று போனோம்.

"மொதல்ல அந்த டெஸ்ட்டை முடிச்சிட்டு வாங்க, பார்த்துச் சொல்றேன்," என்றார் பெரிய டாக்டர். இந்த நோய்க்காரர்கள் வார்த்தைகளைச் சொல்லும்போது மூளை எப்படி வேலை செய்கிறது என்று அங்கே அளந்துகொண்டிருந்தார்கள். ஃபாரத்தை நிரப்பியது நான். தாய்மொழி என்ற இடத்தில் தெலுங்கு என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு யாரும் யோசிப்பதில்லை. ஒருமுறை தமிழ் என்று எழுதியதற்கு, சாதி சர்டிபிகேட்டை மெட்ராஸில் போய் வாங்கிக்கொள் என்று மண்டல ஆபீஸில் விரட்டினார்கள். அன்றிலிருந்து ஆபீஸ் வாசலை மிதித்தால் நாங்கள் தெலுங்குக்காரர்கள்.

தம்பியின் தலையில் பசை தடவி வயர்களை ஒட்டினார்கள். கோதாவரிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த சின்ன டாக்டரம்மா, வீட்டுச் சாமான்களின் பெயர்களை ஒரு நிமிஷத்தில் முடிந்தவரை சொல்லச் சொன்னார். தெலுங்கில் படித்தவன்தான். பூகோளத்தைக் கேட்டிருந்தால் கடகடவென்று ஒப்பித்திருப்பான். முறத்தையும் துடைப்பத்தையும் எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்? இரண்டு மூன்று பெயர்களைத் தெலுங்கில் சொன்னான். அத்தோடு நின்றான், விழித்தான். பிறகு, "மொறம், தொடப்பம், ஒலக்க, அகப்ப" என்று வேகமாக வந்தது.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "இவேம் மாட்டலு?" என்று கேட்டார். இதெல்லாம் என்ன வார்த்தைகள் என்று. வீட்டில் பேசுவது தெலுங்குதானே என்றும் கேட்டார்.

"அவுனு மேடம்," என்றேன். ஆமாம் மேடம்.

எழுதியது பொய் என்று ஒத்துக்கொண்டால் சாதி சர்டிபிகேட்டுக்கு என்ன கேடு வருமோ என்ற பயம். அவ்வளவுதான் காரணம். அதை நினைத்தால் இன்றும் என் முகத்திலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

இல்லாத வார்த்தைகளைத் தானாக உண்டாக்கிப் பேசுகிறான் என்று டாக்டரம்மா எழுதினார். எங்கள் அம்மா தினமும் பேசிய பேச்சு அந்தக் காகிதத்தில் நோயாகிவிட்டது. அவன் காதில் கேட்ட குரல்களும் தமிழில்தான் திட்டின. அதை யாரும் விசாரிக்கவில்லை. பெரிய டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், கடிதம் இப்போது கிடையாது என்றார், மாத்திரையைக் கூட்டி எழுதினார்.

திரும்பும்போது பஸ்ஸில், தலையில் காய்ந்திருந்த பசையைப் பிய்த்துக்கொண்டே தம்பி கேட்டான்.

"எக்கா, நா சரியாத்தான சொல்லிக்கினு இருந்தேன்? இன்னா தப்பாப் பூட்ச்சு?"

"தெரியலடா," என்றேன்.

பிய்த்த பசையை ஜன்னல் வழியே உதறினான்.

"நோவு இன்னும் போவல போல இருக்குதுக்கா," என்றான். புது மாத்திரையை எடுத்துத் தரச் சொல்லிக் கையை நீட்டினான். நான் எடுத்துக் கொடுத்தேன்.