கஜேந்திரனின் சைக்கிளில் கேட்ட சத்தம்

தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இறங்கும் சந்தில் லெட்சுமணனின் சைக்கிள் கடை இருக்கிறது. மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் மழை. அவ்வளவுதான் கடை.

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். பதினாறு வயதில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டுக் கொழும்புக்குப் போய், ஒரு சைக்கிள் கடையில் பதினெட்டு வருடம் வேலை செய்தார். பிறகு மீனம்மாவைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பி இந்தத் தகரங்களை அடித்தார். பிள்ளைகள் இல்லை. ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு இருந்த பெரிய சொத்து, ஊர் அவருக்குக் கொடுத்திருந்த பெயர். சைக்கிள் சந்துக்குள் திரும்பும்போதே, நிமிர்ந்து பார்க்காமல், “பின் சக்கரத்துல பேரிங் போயிருச்சு” என்பார். கழற்றினால் அப்படித்தான் இருக்கும். நுவரெலியாவிலிருந்து ஹோட்டல்காரர்கள்கூட வெள்ளைக்காரர்கள் ஓட்டும் மவுண்டன் சைக்கிள்களை வான் வண்டியில் ஏற்றி அவரிடம் அனுப்புவார்கள்.

அப்படி ஒரு ஹோட்டல் கழித்துவிட்ட சைக்கிளைத்தான் கஜேந்திரன் வைத்திருந்தான். மலைமேல் ஒரு தோட்டத்துக்கு அவன் தப்பால்காரன். தபால் கந்தோரில் பையை வாங்கிக்கொண்டு போய், தோட்டத்து ஆபீசுக்கும் லயங்களுக்கும் கடிதம் கொடுப்பது அவன் வேலை. வயது முப்பத்தொன்று. வீட்டில் மனைவி வினோதாவும் மூன்று வயது மகள் நிலக்ஷியும்.

நவம்பர் மாதம், ஒரு திங்கட்கிழமை காலையில் அவன் வந்தான்.

“அண்ணே, ஒரு வாரமா முன்னுக்கு டக்கு டக்குனு அடிக்குது. பிரேக் புடிச்சா இன்னும் மோசம்.”

லெட்சுமணன் வேறொரு சக்கரத்தின் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தார். “அந்த முனை வரைக்கும் ஓட்டிக் காட்டு” என்றார்.

அவன் ஓட்டினான். குழியில் இறங்கும்போது முன்பக்கம் டக்கென்றது.

“ஃபோர்க்குக்குள்ள புஷ் தேஞ்சிருச்சு. இங்க கிடைக்காது. கொழும்புல சொல்லி எடுக்கணும். வியாழக்கிழமை வந்துரும், வச்சிட்டுப் போ.”

“ஒருக்கா கழட்டிப் பாருங்களேண்ணே. எங்கயாவது லூசாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

“நீ தப்பால பாரு, நான் சைக்கிளப் பாக்குறேன்.”

கடையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். கஜேந்திரனும் சிரித்துவிட்டான். “அதுவரைக்கும் ஓட்டலாமா?” என்று கேட்டதற்கு, “ஓட்டாத. இறக்கத்துல ஃபோர்க் மடங்குச்சுன்னா மூஞ்சி இருக்காது” என்றார் லெட்சுமணன். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான்.

செவ்வாய்க்கிழமை பிடித்த மழை விடவில்லை. தார் ரோட்டில் போனால் தோட்டத்துக்கு ஏழு மைல். சைக்கிளில் அவன் எப்போதும் ரோட்டால்தான் போவான். நடந்து போகிறவர்களுக்குத் தேயிலை மலைக்கு அடியில் ஒரு குறுக்குப்பாதை உண்டு, மூன்று மைலுக்குள் முடிந்துவிடும். புதன்கிழமை பகல் இரண்டு மணி போல, அந்த மலை குறுக்குப்பாதையின் மேல் இறங்கியது. கஜேந்திரனை மண்ணுக்கடியிலிருந்து வெள்ளிக்கிழமைதான் எடுத்தார்கள். தபால் பை தோளிலேயே இருந்தது. உள்ளே இருந்த கடிதங்கள் கூழாகிப் போயிருந்தன.

சாவு வீட்டுக்கு லெட்சுமணன் போனார். லயத்து வாசலில் மழைக்குத் தறப்பாள் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் நின்ற பழனியாண்டி என்ற தோட்டத்துக்காரர், யாரிடமென்று இல்லாமல் சொன்னார்: “சைக்கிள் இருந்திருந்தா ரோட்டாலதானே வந்திருப்பான். எங்கயோ ரிப்பேருக்குக் குடுத்திருந்தானாம்.”

லெட்சுமணன் அங்கே தேநீர்கூடக் குடிக்கவில்லை.

பாதைகள் மூடிக் கிடந்ததால் கொழும்புப் பொதி வந்துசேர இரண்டு வாரமாயிற்று. வந்த அன்றைக்கே அவர் சைக்கிளை மேலே தூக்கி மாட்டினார். செய்து முடித்து அந்தப் பிள்ளை வினோதாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், வேறென்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டார். முன் சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடியில் இருந்த இரண்டு போல்ட்டையும் இளக்கி, வெளிக்குழாய்களை உருவினார். கறுத்த எண்ணெய் தட்டில் வடிந்தது. உள்ளே விரலை விட்டுத் தடவினார். டோர்ச் அடித்துப் பார்த்தார். துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

புஷ் தேயவே இல்லை. இன்னும் இரண்டு வருடம் ஓடக்கூடிய புஷ்.

புது எண்ணெய் விட்டுப் பூட்டினார். வெளியே கொண்டுபோய் ஓட்டினார். டக்கென்றது. இறங்கி, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினார். மற்றக் கை விரலை, ஹேண்டில் தண்டு உள்ளே நுழையும் வளையத்தில் வைத்தார். அந்த வளையம் விரலுக்கடியில் மெல்ல அசைந்தது. ஆட்ட ஆட்ட அசைந்தது.

அங்கேதான் சத்தம், வெறும் லூசு. பிரேக் பிடித்தால் மோசம் என்று அவன் சொன்னானே. அது ஒன்று போதாதா? கொழும்பில் முதல் வருடத்தில் படித்த பாடம் அது.

தண்டின் பக்கத்து போல்ட் இரண்டை இளக்கி, மேல் போல்ட்டைக் கால் சுற்று இறுக்கி, மறுபடி பக்கத்தைப் பூட்டினார். ஐந்து நிமிடம் ஆகவில்லை. சைக்கிள் குழியில் இறங்கி ஏறியது. சத்தமே இல்லை. லெட்சுமணன் சந்தின் முனையிலேயே, நடைபாதைக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அவருக்கே தெரியாது. மீனம்மா சாப்பாட்டோடு வந்து, “என்னங்க, ஒடம்புக்கு முடியலயா?” என்று தோளைத் தொட்டபோதுதான் எழுந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் மீனம்மா சொன்னாள்: “சைக்கிளக் குடுத்துட்டு வாங்க. மத்தத எதுக்கு அந்தப் புள்ளகிட்டச் சொல்றீங்க?”

அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே தார் ரோட்டால் ஏழு மைலும் நடந்தார். ஏறி ஓட்ட மனம் வரவில்லை.

வினோதா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சைக்கிளைக் கண்டதும் கை அப்படியே நின்றது. லெட்சுமணன் அதைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கழற்றிப் பார்க்கச் சொல்லி அவன் கேட்டதை, தான் சொல்லிச் சிரிக்கவைத்த பகிடியை, ஐந்து நிமிட வேலையை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். சொல்லி முடித்தபோது அவர்தான் அழுதுகொண்டிருந்தார். அவள் அழவில்லை.

“இத ஏண்ணே எங்கிட்டச் சொன்னீங்க?”

லெட்சுமணன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார்.

“மழை கொண்டுபோச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். மழைய என்ன செய்ய முடியும், சாமிய என்ன செய்ய முடியும்னு கொஞ்சம் கொஞ்சமாத் தூங்க ஆரம்பிச்சிருந்தேன். இனிமே இந்த அஞ்சு நிமிசத்தையும் சேத்து நான்தானே சொமக்கணும்? உங்களுக்கு மனசு ஆறிப்போச்சு. எனக்கு?”

“மன்னிச்சிரு தங்கச்சி...”

“போயிட்டு வாங்கண்ணே.”

அவள் கத்தவில்லை. துணிக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நிலக்ஷி மட்டும் ஓடிவந்து சைக்கிள் மணியை அடித்துப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு லெட்சுமணன் கடையில் யாருக்கும் காதால் கேட்டே கோளாறு சொல்வதில்லை. “என்ன கோளாறுண்ணே?” என்று கேட்டால், “கழட்டாமத் தெரியாது” என்பார். சின்ன வேலைக்கும் நேரமெடுத்தார். அவருக்கு வயசாகிவிட்டதென்று பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை.

சித்திரை கழிந்து ஒரு நாள், வினோதாவை பஸ் நிலையத்தில் பார்த்தார். அரிசியும் மாவுமாக ஒரு கனத்த பை, இடுப்பில் பிள்ளை. ஒதுங்கிப் போய்விடலாமா என்று நினைப்பதற்குள் அவள் கண்டுவிட்டாள்.

“நல்லா இருக்கீங்களாண்ணே?”

“இருக்கேம்மா.”

“வட்டகொடையில அம்மா வீட்டுல இருக்கோம். பாப்பாவ நர்சரியில சேத்துட்டேன். சைக்கிள எறம்பொடையில ஒருத்தர் வாங்கிட்டாரு.” கொஞ்சம் நிறுத்தி, “ஓட்ட நல்லா இருக்குன்னாரு” என்றாள்.

எத்தனையோ மாதமாகத் தனியே சொல்லிச் சொல்லிப் பார்த்த அந்த மன்னிப்பைச் சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். இன்னொரு தடவை அதை அவள் கையில் கொடுக்க அவருக்கு உரிமையில்லை.

பஸ் வந்தது. பையைத் தூக்கி, சனத்துக்கு நடுவே ஏறி, அவள் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு இறங்கினார். பஸ் புகையைக் கக்கிக்கொண்டு வளைவில் திரும்பியது. தூறல் போடத் தொடங்கியிருந்தது. லெட்சுமணன் சந்துக்குள் இறங்கினார். இரண்டு பேர் சைக்கிளோடு காத்துக்கொண்டிருந்தார்கள்.