அக்கா அனுப்பிய சத்து

பாரிஸில் என் மாத்திரை தீர்ந்ததும் காலி அட்டையை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் ஊரில் குப்பைக்குப் போவதை இங்கே நர்ஸ் பத்திரமாக வாங்கிக்கொண்டு "மெர்சி, முசியே" என்கிறார். நன்றி சொல்ல வேண்டியவன் நான். எனக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய், பரவிவிட்டது. கீமோ பலிக்கவில்லை. கட்டியின் மரபணுவில் உள்ள ஒரு கோளாறை மட்டும் குறிவைக்கும் புது மாத்திரையைச் சோதிக்கிறார்கள். அந்தக் கோளாறு எனக்கு இருந்ததால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். உணவகத்தில் பாத்திரம் கழுவுகிற என்னை இத்தனை பேர் விசாரிப்பது கூச்சமாக இருக்கிறது.

கடைசியாக விழுப்புரத்திலிருந்து விமானம் ஏறக் கிளம்பியபோது, திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா அங்கே பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாள். "இன்னாடா, கை குச்சியாட்டம் கீது? அங்க ரொட்டியத் தின்னுக்கினு கெடந்தா எப்படிடா தேறுவ?" என்றாள். நான் மாத்திரை தொடங்கியதும் அவளிடமிருந்து பார்சல் வந்தது: கேப்பை மாவும், எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையில் பிடித்த உருண்டையும். காலையில் கஞ்சி, மாலையில் உருண்டை. உடம்பு தேறட்டும் என்று தவறாமல் சாப்பிட்டேன்.

ரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு ஏறிக்கொண்டே போனது. இறங்காவிட்டால் மாத்திரையை அடியோடு நிறுத்திவிடுவோம் என்றார் டாக்டர். எனக்கு வேறு மருந்து இல்லை. அந்த உப்பு மிகுந்த சீஸ், சாக்லேட், பாதாம் எல்லாம் சாப்பிடுகிறேனா என்று நர்ஸ் படம் படமாகக் காட்டிக் கேட்டார். "நோன், மதாம்" என்று மறுத்தேன். உண்மைதான். என்னை நம்பவும் முடியாமல் விடவும் முடியாமல் பார்த்தார்.

"பாவம், காலையில இருந்து அலையறாங்க. இத குடுங்க" என்று கூட வந்திருந்த என் மனைவி செல்வி கைப்பையிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து நர்ஸிடம் நீட்டினாள். நர்ஸ் அதை உடைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

மருந்து வேலை செய்தாலே பாஸ்பேட் ஏறுமாம். கேப்பையும் மல்லாட்டையும் அதை இன்னும் ஏற்றிவிட்டன. சில நாள் மாத்திரையை நிறுத்தினார்கள். கஞ்சியையும் உருண்டையையும் நானே நிறுத்தினேன். பாஸ்பேட் இறங்கியது, மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார்கள். இன்று ஸ்கேன் பார்த்தார்கள். கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது.

அறைக்கு வெளியே வந்து அக்காவை வீடியோவில் கூப்பிட்டு, கஞ்சியையும் உருண்டையையும் நிறுத்தியதைச் சொன்னேன்.

"நான் அனுப்புனதே உனுக்கு ஆவலையாடா?"

"இல்லக்கா. கட்டி கொறஞ்சிட்டுது."

"மிஷின் சொல்றது இருக்கட்டும். எங்க, மூஞ்சிய வெளிச்சத்துல காட்டு. கன்னம் வெச்சிக்கீதான்னு நான் பாக்கணும்."

ஸ்கேன் அறைக் கதவை ஒட்டி நின்றபடி, அவள் சொன்ன பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பிக் காட்டினேன்.