எமன் வேஷம் கட்டிய பொன்னையா

அம்மாக்கண்ணுவின் மகள் நாகலெட்சுமிக்கு அப்போது ஐந்து வயது. காய்ச்சலில் கிடந்த பிள்ளை, மாசி மாதக் காமன் கூத்தில் எமன் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குள் வருவான் என்று கேள்விப்பட்டு, போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. அன்று பகலில், முகத்தில் மை பூசுமுன், பொன்னையா பிள்ளையின் ஒற்றையறைக் காம்பரா வாசலில் வந்து உட்கார்ந்தார். பாசக்கயிற்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து, இது துரை பங்களாப் பசுவைக் கட்டுகிற கயிறுதான் என்று காட்டினார். பிள்ளையின் விரலாலேயே தன் கன்னத்தில் முதல் கரியை வைக்கச் சொன்னார். பிறகு பிள்ளை பயப்படவில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவர் பெண்சாதி வேலாயிக்கே வெகுநாள் கழித்து அம்மாக்கண்ணு சொல்லித்தான் தெரியும்.

இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், துரையின் பங்களாவுக்குச் சமையல்காரர் பொன்னையா. துரைமார் தின்று மிஞ்சின வெண்ணெயும் கேக்கும் ஆட்டுக் கொழுப்பும் இருபது வருஷமாக அவர் வயிற்றுக்குத்தான் போயின. சாமி கொடுத்ததைக் கொட்டினால் பாவம் என்பார். லயத்தில் எல்லோரும் எலும்பும் தோலுமாக இருக்க, அவர் ஒருவர் வாசலையே நிறைத்துக்கொண்டு நிற்பார். வேலாயிக்கும் அதில் பெருமைதான். அந்த உடம்புக்காகவே வருஷா வருஷம் எமன் வேஷம் அவருக்கு. "மத்தவன் கட்டினா பஞ்சத்துல அடிபட்ட எமனாத்தான் வந்து நிப்பான்" என்று கேலி பேசுவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் வருஷக் கூத்து முடிந்த பிறகுதான் அது தொடங்கியது. பட்டப்பகலில், உட்கார்ந்த இடத்தில் தூங்கிப்போவார். குறட்டை கூரைத் தகரம் அதிர ஏறும்; சட்டென்று நின்றுவிடும். மூச்சே இருக்காது. வேலாயி பத்து, பதினைந்து என்று எண்ணுவாள். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தவர் போல வாயைப் பிளந்து இழுப்பார். கண் மட்டும் திறக்காது. ஒரு நாள் அவள் காலைப் பிடித்துவிட்டபோது, பெருவிரல் அழுந்திய இடம் குழியாகவே நின்றது. மெல்ல மெல்லத்தான் மூடியது. உள்ளேயிருந்து யாரோ மிதித்த தடம் போல அவளுக்குத் தோன்றிற்று.

கூத்து வாத்தியார் செல்லசாமி கேட்டதும் காரணம் சொல்லிவிட்டார். வேஷக்காரர் மணிக்கட்டில் கட்டும் காப்புக் கயிற்றைக் கூத்து முடிந்ததும் ஓடையில் வைத்து அறுக்க வேண்டும். போன தடவை துரை கூப்பிட்ட அவசரத்தில் பொன்னையா அதைப் பங்களாக் குசினி அடுப்படியிலேயே கழற்றிப் போட்டார். வேஷம் கலைந்தது, எமன் போகவில்லை. இந்த மாசியில் விரதம் இருந்து ஆடி, முறையாகக் காப்பை அறுத்தால் இறங்கிவிடுவான்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிஸ்பென்சர் சிறில் ஐயா வேறு சொன்னார். குழாயை வேலாயியின் காதில் மாட்டி, புருஷன் நெஞ்சில் வைத்துக் கேட்கவிட்டார். யாரோ பாரம் சுமந்துகொண்டு சேற்றில் நடந்து வருவது கேட்டது.

"கொழுப்பு வெளியில மட்டும் இல்ல வேலாயி. ஒரு காம்பராவுல மூணு குடும்பம் கிடந்தா எப்படி? உள்ளயும் அப்படித்தான். ஈரல் வீங்கிக் கெடக்கு, இருதயத்தச் சுத்தி அப்பியிருக்கு. வயிறு மேல முட்டுறதால மூச்சுக்கு எடமில்ல. வாயக் கட்டச் சொல்லு. ஆட மட்டும் விடாத."

உள்ளே நடப்பது யார் என்று வேலாயி கேட்டாள். சிறில் ஐயா குழாயை அவள் காதிலிருந்து கழற்றினார். பிறகு, அது அவர் இருதயம்தான், களைத்துப்போயிருக்கிறது என்றார்.

அவள் இரண்டு பேரையும் நம்பினாள். மாசி வந்து காப்புக் கட்டிய நாளிலிருந்து பொன்னையா ஒரு வேளைச் சோறுதான். பங்களா மிச்சத்தைத் தொடவில்லை. பன்னிரண்டு நாளில் கால் வீக்கம் வடிந்தது. பகல் தூக்கத்தில் மூச்சு அவ்வளவாக நிற்கவில்லை. விரதத்துக்கே எமன் இளகிவிட்டான் என்றார் செல்லசாமி. வாயைக் கட்டியதுதான் காரணம், இன்னும் ஆறு மாசம் இப்படியே இருக்கட்டும், ஆட்டம் வேண்டாம் என்று சிறில் ஐயா சொல்லியனுப்பினார். ஆனால் ஆடாமல் காப்பை அறுக்க முடியாது. அறுக்காவிட்டால் உள்ளே இருப்பவன் இருந்துவிடுவானே. வேலாயி மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பூ வந்தால் ஆடலாம் என்று நினைத்து எடுத்தாள். வெள்ளைதான் வந்தது. ஆடச் சொல்லிவிட்டாள்.

பௌர்ணமியன்று பொழுது சாயும் நேரம், எமன் ஓடைக்கரையிலிருந்து மேட்டு லயத்தில் காமன் கூத்தாடும் பொட்டலுக்கு நூற்றுச் சொச்சம் படி ஏறினான். அங்கே நட்டிருந்த காமன் கம்பத்தடியில் கயிற்றை வீசியவர், அப்படியே மல்லாந்தார். வேஷக்காரர் அருள் வந்து விழுவது வழக்கம். சனம் குலவை போட்டது, தப்பு மேளம் நிற்கவில்லை. வேலாயி பழக்கப்படி எண்ணினாள். பத்து. பதினைந்து. நாற்பதுக்கு மேல் அவளுக்கு எண்ண வரவில்லை. நாகலெட்சுமிதான் கூட்டத்துக்குள் நுழைந்துபோய், முன்னொரு வருஷம் தான் கரி வைத்த அதே கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "மாமா மூச்சு விடல" என்றாள். செல்லசாமி காப்பை அங்கேயே அறுத்தார்.

எமன் கொண்டுபோனான் என்று சிலரும், கொழுப்பு கொன்றது என்று சிலரும் சொன்னார்கள். வேலாயி எதையும் மறுத்ததில்லை. ஓடைக்கரையில் நடந்ததை மட்டும் சொல்வாள். மை பூசிய பிறகு எமன் பெண்சாதியோடு பேசக் கூடாது. ஆனாலும் படியேறுமுன் அவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். மூச்சு வாங்கியது. கையில் பிடித்த கயிறு மண்ணில் இழுபட்டு, பின்னால் தேயிலைச் செடிகளுக்குள் போய்க் கிடந்தது, நுனி தெரியவில்லை. அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, முறையை மீறிச் சன்னமாகச் சொன்னார்:

"என்னமோ தெரியல புள்ள, கயிறு கனக்குது. அந்தப் பக்கம் யாரோ புடிச்சிருக்காங்க."