நோவு தெரியாத கன்று

எங்கள் வீட்டில் கன்றுக்குக் குறி சுடுகிற நாளில் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் ஊர் ஒட்டுசுட்டானில் வயல் விதைத்ததும் மாடுகளைக் காட்டுப்பக்கம் சாய்த்து மேயவிடுவோம். தொடையில் குறி இல்லாத மாட்டை எவனும் பிடித்துக்கொண்டுபோய்த் தன்னுடையது என்று சத்தியம் பண்ணலாம். ஆகவே கம்பியைப் பழுக்கக் காய்ச்சி என் கணவரின் பெயரின் முதல் எழுத்தைச் சுடவேண்டும். எல்லாம் தெரிந்தும், கன்றைக் கட்டியதுமே நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். "கண்டுக்குச் சுட்டால் இவவுக்குத்தான் கொப்பளிக்கும்" என்று அவர் பகிடி பண்ணுவார்.

இந்தமுறை அண்ணாவின் மகள் வெளிநாட்டிலிருந்து வந்து நின்றாள். விலங்குகளின் மரபணு பற்றிப் படிக்கிற பிள்ளை. கட்டிக் கிடந்த கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டே கதைத்தாள்.

"மாமி, பிறக்க முதலே மரபணுவில கை வைச்சா நோவு தெரியாத மாட்டை உண்டாக்கலாமாம். அப்பிடிச் செய்யலாமோ கூடாதோ எண்டு எங்கட வகுப்பில பெரிய சண்டை."

"இதில என்ன சண்டை? செய்யச் சொல்லு பிள்ளை. முதல் மாட்டை இஞ்ச அனுப்பச் சொல்லு."

சிரித்துக்கொண்டு சொன்னேனே தவிர, பகிடிக்குச் சொல்லவில்லை. அப்படி ஒரு கன்று கிடைத்தால் கும்பிட்டு வாங்கியிருப்பேன்.

நெருப்பில் கம்பியைத் திருப்பிக்கொண்டிருந்த என் கணவர் நிமிர்ந்தார்.

"நோவு தெரியாட்டி அது கத்துமோ?"

"கத்தாது மாமா."

"அப்ப தோலில வைச்ச கம்பியை நான் எப்ப எடுக்கிறது?"

"நேரம் பாத்து..." என்று தொடங்கினாள்.

அவர் செருப்பைக் கழற்றி இடது காலை நீட்டினார். போரின் கடைசிச் சண்டையில் செல் வெடித்து முதுகில் ஏறிய துண்டு அந்தக் காலின் உணர்ச்சியைக் கொண்டுபோய்விட்டது. போன வருடம் குப்பை கொளுத்தும்போது தணலை மிதித்தபடி என்னோடு கதைத்துக்கொண்டு நின்றார். கருகிய மணத்தைப் பிடித்தது நான்தான். இரண்டு விரல்கள் போயின. ஆசுபத்திரியில் நான் குழறி அழ, அவர் தேத்தண்ணி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு இவ இருக்கிறா, பிள்ளை. காட்டுக்குள்ள முள்ளுக் குத்தினா, நாய் கடிச்சா, அந்த மாட்டுக்கு ஆர் சொல்லுறது?"

எனக்கு என்மீதே கோபம் வந்தது. இத்தனை காலமும் கன்றுக்காகத்தான் அழுகிறேன் என்று நினைத்திருந்தேன். சற்றுமுன் நான் ஆசைப்பட்டுக் கேட்டதோ என் காதுக்கு நிம்மதி. அதற்காக ஒரு உயிரின் நோவையே பிடுங்கச் சொல்லியிருக்கிறேன்.

கம்பி சிவந்துவிட்டது. "நீர் உள்ளுக்குப் போம்" என்றார். நான் போகவில்லை. நிலத்தில் உட்கார்ந்து கன்றின் தலையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்தேன். அண்ணாவின் மகள் கால்களைப் பிடித்தாள். கம்பி பட்டதும் கன்று என் வயிற்றோடு முகத்தை அழுத்திக் கத்தியது.

"காணும், போதும், எடுங்கோ!" என்று நானும் கத்தினேன்.

நான் கத்த முதலே, கன்றின் முதல் குரலுக்கே, அவர் கம்பியை எடுத்திருந்தார்.