டொக்டர் பிள்ளைக்குச் சீனி

போர் முடிந்து, சனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம். நான் அப்போது மருத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். களப் பயிற்சிக்காக எங்கள் வகுப்பில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கிராமத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்களுக்குக் கிடைத்தது மன்னார்த் தீவின் கரையில் ஒரு சின்ன மீனவக் கிராமம். முதலில் ஒரு கிழமை மன்னார் ரவுணில் தங்கி, தினமும் போய் வீடு வீடாக விசாரிக்க வேண்டும். பிறகு மாதத்துக்கு ஒரு தடவை போய் நிலைமை பார்க்க வேண்டும். ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இதில் வருகிற அக்காவிடம் பேச்சு வாங்கி எனக்குக் கட்டாது.

தமிழ்நாட்டு முகாம்களில் பல வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பியவர்கள்தான் அங்கே அதிகம். பாதி வீடுகளுக்குச் சுவரும் தகரம், கூரையும் தகரம். ஆண்கள் கடலுக்குப் போவார்கள். பெண்கள் கரையில் இருந்த கருவாட்டு வாடியில் மீனைக் கிழித்து, உப்புப் போட்டுக் காயவைப்பார்கள். அவர்களுக்கு ஆரோக்கியமான சாப்பாட்டைப் பற்றிச் சொல்லிக் கொடுக்கத்தான் நாங்கள் போனோம்.

நாங்கள் எப்படிச் சாப்பிட்டோம் என்று கேட்காதீர்கள். காலையில் வார்டுக்கு ஓடுகிற அவசரத்தில் ஒன்றுமே இல்லை. பத்து மணிக்குக் கன்ரீனில் ரோல்ஸும், சீனி அள்ளிப் போட்ட பால் தேத்தண்ணியும். மத்தியானச் சோறு பல நாட்களில் பின்னேரத்துக்குத் தள்ளிப் போகும். இரவில் படிக்கும்போது நூடில்ஸ், பிஸ்கற், சோடா. உடற்பயிற்சி என்றால் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது. கொழுப்பு, சீனி, உப்பு என்று மூன்றையும் பற்றி யார் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம். அதோடு நம் கடமை முடிந்தது என்ற நினைப்பு எனக்கு நன்றாகவே இருந்தது. என் அப்பாவுக்குச் சலரோகம், எங்கள் சனம் சீனி என்று சொல்லும் நீரிழிவு, இருந்தது. அதுகூட எனக்கு ஒரு பாடமாகத்தான் தெரிந்தது.

மூன்று நாட்களாக வீடு வீடாகப் போய், "நேற்று என்ன சாப்பிட்டனீங்கள், எத்தனை கரண்டி சீனி போடுவீங்கள்" என்று எல்லோரையும் குடைந்து எடுத்தோம். நாலாம் நாள் பாலர் பாடசாலைக் கொட்டிலில் பெண்களைக் கூட்டி, விரலில் குத்திச் சீனி பார்ப்பதாக ஏற்பாடு. கொட்டில் நிறைய ஆட்கள் வந்தார்கள். ஆனால் ஒருவரும் விரலை நீட்டவில்லை.

காரணம் ஊசிப் பயம் இல்லை. பின்வரிசை வாங்கில் இருந்த ஓர் அக்கா அதைச் சொன்னார். நாற்பத்தைந்து வயது இருக்கும். வாடியில் வேலை செய்கிறவர், கணவர் இல்லை, படிக்கிற வயதில் இரண்டு பெண் பிள்ளைகள். வலது காலைப் பழைய சீலைத் துண்டால் சுற்றிக் கட்டியிருந்தார்.

"சீனி எண்டு சொல்லுவியள். பிறகு ஆஸ்பத்திரிக்கு வாங்கோ எண்டுவியள். போனால் காலை வெட்டி அனுப்புவினம். முகாமில எங்கட பக்கத்து வீட்டு மனுசிக்கு அதுதான் நடந்தது. கால் இல்லாமல் வாடியில நான் என்ன செய்யிறது?"

அந்தச் சீலைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குப் பயம் பிடித்தது. மீன் முள்ளு குத்தி ஒரு மாதத்துக்கு மேலாக ஆறாத புண் என்று பக்கத்தில் இருந்தவர் மெல்லச் சொன்னார். அப்படி ஒரு புண்ணை இன்னும் கொஞ்சக் காலம் விட்டால் அவர் பயப்படுகிறதே நடந்துவிடும். எப்படியாவது இவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"அக்கா, ஒண்டும் இல்லை. முதல் நான் குத்திக் காட்டுறன், பாருங்கோ" என்று வீறாப்பாக முன்னால் போனேன். என் நண்பன் அப்போதுதான் பாடம் நடத்தி முடித்திருந்தான். சாப்பிட்டு இரண்டு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் நூற்று நாற்பதுக்குள் இருக்க வேண்டும் என்று எல்லோரையும் திருப்பிச் சொல்லவும் வைத்திருந்தான். நான் ஒரு சிரிப்போடு விரலில் குத்தி, துளி இரத்தத்தைப் பட்டியில் தொட்டு, மெசினை அவனிடம் கொடுத்தேன். அவன் அதைப் பார்க்கும் முன்பே வாயைத் திறந்தவன். எண்ணைக் கண்டதும் நிறுத்தத் தெரியவில்லை.

"இருநூற்றுப் பன்னிரண்டு."

அவன் பாடம் நன்றாகத்தான் நடத்தியிருந்தான், எல்லோருக்கும் விளங்கிவிட்டது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தவரிடம், "டொக்டர் பிள்ளைக்குச் சீனியாம்" என்று இரக்கத்தோடு சொன்னார்.

எனக்கு முகம் சிவந்து போனது. ஆனால் படித்தவளுக்குச் சாக்குச் சொல்லவா தெரியாது? வருகிற வழியில் இனிப்புத் தொதல் சாப்பிட்டேன், விரலில் ஒட்டியிருக்கும், அதனால்தான் கூடக் காட்டுகிறது என்றேன். அப்படி நடப்பது உண்மையும்தான். நண்பனும் தலையாட்டினான். ஆனால் பின்வரிசை அக்கா விடவில்லை. வெளியே வாளித் தண்ணீரும் சவுக்காரமும் இருக்கிறது, கழுவிப்போட்டு வந்து திரும்பக் குத்துங்கோ என்றார். வேறு வழியில்லை. தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். வேறு விரலில் குத்தினேன். நூற்று எண்பத்தொன்று. இந்த முறை தொதலில் பழி போட முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. மூன்று நாட்களாக எங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்லி அலுத்திருந்த பெண்கள், அதே கேள்விகளை என்னிடம் கேட்கத் தொடங்கினார்கள். காலமை என்ன சாப்பிட்டனீங்கள்? நேற்றைக்கு? தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி? ஏன் காலமைச் சாப்பாடு இல்லை? பொய் சொல்ல வரவில்லை. ரோல்ஸ், நூடில்ஸ், சோடா என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"முகாமில கியூவில நிண்டு வாங்கின அரிசியில சமைச்ச நாளிலயும் நாங்கள் இப்பிடிச் சாப்பிடேல்லை பிள்ளை" என்றார் அந்த அக்கா.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வந்ததே நல்லது என்று இப்போது சொல்வேன்.

"சரி அக்கா. எனக்குச் சீனி இருக்கோ எண்டு சரியாப் பாக்க, நாளைக்குக் காலமை வெறும் வயிற்றோட ஆஸ்பத்திரியில இரத்தம் குடுக்கப் போறன். எனக்கும் பயம்தான். நீங்களும் வாங்கோ. ரெண்டு பேரும் ஒரே வரிசையில நிப்பம்."

அவர் எழும்பி, நொண்டி நொண்டி முன்னால் வந்து, உப்பில் வெடித்திருந்த விரலை என் முன் நீட்டினார். நானூறைத் தாண்டிக் காட்டியது. அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து விரலை நீட்டினார்கள்.

மறுநாள் இரண்டு பேரும் ஒரே வாங்கில் பசியோடு இருந்தோம். என் முடிவு எல்லைக்கோட்டில் நின்றது. இன்னும் சலரோகம் இல்லை, ஆனால் இப்படியே போனால் வெகு தூரம் இல்லை என்றார் கிளினிக் டொக்டர். சாப்பாடு, நடை, நித்திரை மூன்றையும் ஒழுங்குபடுத்தினால் திரும்பி வரலாம் என்றார். அக்காவை வார்டில் சேர்த்தார்கள். புண்ணைச் சுத்தம் செய்து மருந்து கட்டினார்கள், குளிசை தொடங்கினார்கள். இப்போதைக்குக் காலை வெட்டத் தேவையில்லை, ஆனால் சீனி இறங்கினால்தான் புண் ஆறும், ஆறும் வரைக்கும் உறுதி சொல்ல முடியாது என்றார்கள். வெறும் காலோடு மணலில் நடக்கவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

வார்டில் அவரைப் பார்க்கப் போனபோது ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். மாதா மாதம் நான் வருகிற நாளில் கொட்டிலில், எல்லோருக்கும் முன்னால், இரண்டு பேரும் வெறும் வயிற்றோடு குத்திப் பார்ப்பது. ஒளிப்பு மறைப்பு இல்லை.

விடுதிக்குத் திரும்பியதும் என் பாடு பெரும்பாடு. அங்கே சமைக்க அனுமதி இல்லை. பக்கத்து ஒழுங்கையில் ஒரு வீட்டில் பேசி, காலையில் குரக்கன் புட்டோ சிவப்பரிசிமாப் புட்டோ, மீன்குழம்போடும் ஒரு கீரையோடும் எடுக்க ஏற்பாடு செய்தேன். தேத்தண்ணிக்குச் சீனியை விட்ட முதல் கிழமை உலகமே கசந்தது. பின்னேரம் மைதானத்தைச் சுற்றி நடந்தேன். தோழிகள் "சீனி ராணி வாறா" என்று வழிவிட்டு நின்றார்கள். ஆனால் புட்டு வாசம் வந்தபோது ராணியின் பெட்டியைத்தான் முதலில் திறந்தார்கள். கொஞ்ச நாளில் அந்த வீட்டில் எங்கள் மாடி முழுவதும் சாப்பாடு எடுத்தது.

அடுத்த மாதம் என் எண் இறங்கியது, அக்காவின் எண்ணும் இறங்கியது. பூநகரி வழியே பஸ்ஸில் விடுதிக்குத் திரும்பும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு அடுத்த மாதம் பல்கலைக்கழகச் சோதனை வந்தது. சோதனை என்றால் மருத்துவ மாணவர்களுக்கு ஒரே வழிதான் தெரியும். நூடில்ஸ், சோடா, நித்திரை இல்லை, நடையும் இல்லை. சோதனை முடிந்த கையோடு மன்னாருக்குப் போனேன். கொட்டிலில் எண் வந்தது. தொடங்கின இடத்தையும் தாண்டி நின்றது.

அக்காவின் எண் இன்னும் இறங்கியிருந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. பின்னால் யாரோ, "டொக்டர் பிள்ளையாலேயே ஏலாதாம், எங்களுக்கென்ன" என்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போனார். இன்னும் இரண்டு பேர் கூடவே போனார்கள்.

"பாத்தியே? என்ர புண் பாதிதான் ஆறிக் கிடக்கு" என்றார் அக்கா. அது வரைக்கும் நீங்கள் என்று பேசியவர் அன்றுதான் என்னை நீ என்றார். "உன்னை நம்பித்தான் நான் விரலை நீட்டினனான். நீ விட்டால் இவளவை எல்லாரும் விடுவாளவை. நானும் எத்தினை நாளைக்குத் தனிய இழுக்கிறது?"

எத்தனையோ பேராசிரியர்களிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். எதுவும் இப்படிச் சுட்டதில்லை. அழுகை வந்தது, அதற்கு மேல் வீம்பு வந்தது. அடுத்த மாதம் பாருங்கோ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றிலிருந்து அக்கா போன் எடுக்கத் தொடங்கினார். வணக்கம், சுகம் எதுவும் கிடையாது. "என்ன சாப்பிட்டனி?" அவ்வளவுதான். வார்டில் நிற்கும்போது வந்தால் மூலையில் ஒதுங்கி நின்று, "புட்டும் கீரையும் அக்கா" என்று ஒப்புவிப்பேன். நானும் திருப்பிக் கேட்பேன், குளிசை போட்டாச்சா, செருப்பு எங்கே என்று. செருப்பு என்றால் அவருக்குக் கோபம் வரும். வாடியில் யாரும் செருப்புப் போடுவதில்லை. மணல் ஏறும், மற்றப் பெண்கள் "கந்தோருக்கு உத்தியோகம் பாக்கப் போறாவோ" என்று சிரிப்பார்களாம். சிரிக்கட்டும், சீனி ராணி என்று என்னையும்தான் சிரிக்கிறார்கள் என்றேன். அதைக் கேட்டு அவரும் சிரித்துவிட்டார்.

எங்கள் பயிற்சியின் கடைசி வருகை வந்தது. பஸ்ஸால் இறங்கி வாடியைக் கடந்துதான் கொட்டிலுக்குப் போக வேண்டும். மீன் கிழித்துக்கொண்டிருந்த பெண்களைத் தூரத்தில் பார்த்தேன். அத்தனை பேர் காலிலும் செருப்பு. நீலமும் சிவப்புமாக இறப்பர்ச் செருப்புகள். நண்பன் என்னைத் தட்டி, "பார், பார்" என்றான்.

கொட்டிலில் வாங்குகள் போதாமல் வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். அன்று எழும்பிப் போன மூன்று பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். அக்கா முதலில் காலைத் தூக்கிக் காட்டினார். புண் இருந்த இடத்தில் மென்சிவப்பாகப் புதுத் தோல். பிறகு விரலை நீட்டினார். நூற்று இருபத்தெட்டு. கைதட்டல் அடங்க முன்பே, "உன்ர விரலைக் கொண்டா" என்றார். நண்பன் இந்த முறை எண்ணை முதலில் தனக்குள் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே இழுத்து இழுத்து வாசித்தான்.

"தொண்ணூற்று... மூன்று."

கொட்டில் அதிர்ந்தது. அக்கா எழும்பி, எல்லோரையும் கையமர்த்தி, "எங்கட பிள்ளை பாஸ்" என்று அறிவித்தார். பிறகு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் சட்டையில் கருவாட்டு மணம். பட்டமளிப்பு மேடையில் சான்றிதழ் வாங்கியபோதுகூட நான் அப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்றதில்லை.

இப்போது நான் டொக்டர். அவர் மருத்துவத்தால் காலைக் காப்பாற்றிக்கொண்டார், நானோ அவருக்கு முன்னால் தோற்கக் கூடாது என்ற வீம்பால் என்னைக் காப்பாற்றிக்கொண்டேன். ஒரு நோயாளியிடம் இதைச் சாப்பிடு, அதை விடு என்று சொல்வது எனக்கு இப்போது லேசான காரியமாகத் தெரிவதில்லை. ஏனென்றால் நான் சொன்னதை நானும் செய்கிறேனா என்று கேட்க மன்னார்க் கரையில் எனக்கு ஒருவர் இருக்கிறார், அவரிடம் இன்றுவரை என்னால் பொய் சொல்ல முடிந்ததில்லை.