ஒன்பதாவது குழியைப் பற்றி நான் எழுதியது

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் அடுக்ககத்தின் கீழே, எதிர்வீட்டு தினேஷ் காரிலிருந்து ஒரு நீளப் பையை இறக்கிக்கொண்டிருந்தான். ஐ.டி. கம்பெனியில் வேலை, கரூர்ப் பக்கத்துப் பையன். ஆபீஸ் நண்பர்களோடு சேர்ந்து, யார் வேண்டுமானாலும் போய் ஆடக்கூடிய ஏதோ ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறான். முகம் கடுகடுவென்று இருந்தது. செல்போனில் எதையோ வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

“படு மோசம் அங்கிள். குழியைச் சுத்தி எல்லாம் மேடு பள்ளம். ரெண்டு ஸ்டார்தான் குடுத்திருக்கேன். கீழ நல்லா நாலு வரி எழுதியும் விட்டிருக்கேன். எவன் பராமரிக்கிறானோ அவனுக்கு உறைக்கட்டும்.”

“உன் ஆட்டம் எப்படி?” என்றேன்.

“அதான் சொல்றேனே, தரை மோசம்னு.”

பக்கத்தில் யாரோ பைக்குக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார்கள். தட்டில் வடிந்திருந்த கறுப்பு எண்ணெயின் வாடை மூக்கில் ஏறியது. அந்த வாடையையும் இந்தப் பேச்சையும் ஒரே நேரத்தில் தாங்குகிற வயது எனக்கு இல்லை. மேலே வந்துவிட்டேன்.

எரிந்த எண்ணெய்க்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். டிவியில் பச்சைப் பசேலென்று பார்த்துப் பழகியவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். எங்களுக்குப் பச்சை ஏது? ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகிற சாலையை ஒட்டி ஒரு பொட்டல் இருந்தது. ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலர் ஒரு கமிட்டி வைத்து அதில் ஒன்பது குழி தோண்டி மைதானம் என்று பெயர் சூட்டியிருந்தார்கள். தண்ணீர் ஊற்றிப் புல் வளர்க்க வழியில்லை. அதனால் குழியைச் சுற்றி வட்டமாக ஆற்று மணலைச் சலித்துப் போட்டு, மணல் காற்றில் பறக்காமலிருக்க அதில் பழைய எஞ்சின் எண்ணெயைக் கலந்து பிசைந்து வைப்பார்கள். அந்த வட்டத்துக்குப் பெயர் பிரவுன். புல் இருந்தால் கிரீன், மணல் என்றால் பிரவுன். நாங்கள் பிரவுன் ஜாதி.

அப்பாவுக்கு ஆவடியில் உத்தியோகம், குவார்ட்டர்ஸில் வீடு. நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். கோல்ஃப் எனக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. குவார்ட்டர்ஸைக் காலிசெய்துகொண்டு போன ஒரு அதிகாரி, வேண்டாமென்று விட்டுப்போன நாலு மட்டைகள் எங்கள் வீட்டுப் பரணுக்கு வந்தன. நாலும் நாலு விதம். ஞாயிறு தவறாமல் அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். திரும்பி வரும்போது பேன்ட் விளிம்பெல்லாம் கறுப்பாக இருக்கும். அம்மா திருநெல்வேலிக்காரி, வாய் சும்மா இருக்காது. “ஊர்ல எல்லாரும் சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கான். இவன் ஞாயித்துக்கிழமை எண்ணெய மிதிச்சிட்டு வந்து நிக்கான்” என்பாள்.

அந்த மைதானத்தின் சட்டதிட்டங்கள் வேறெங்கும் செல்லாது. மாட்டுக் குளம்படியில் பந்து விழுந்தால் எடுத்து வெளியே வைத்துக்கொள்ளலாம். காக்கை தூக்கிக்கொண்டு போனால் இருந்த இடத்தில் வேறு பந்து. ஆடு மேல் பட்டு நின்றால் அது ஆட்டத்தின் பகுதி, ஆட்டுக்காரரிடம் திட்டு வாங்குவது உங்கள் பாடு. மழை பெய்தால் நாலாவது குழியும் ஆறாவது குழியும் குட்டை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஆடுவதற்காக மைதானத்து ஓரத்துக் கொட்டகை வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. அன்றைக்கு எந்தக் குழி எப்படி இருக்கிறது என்று ஞாயிறு காலையில் அதில் எழுதிப் போடுவது என் வேலை. கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்பார்கள். என் விஷயத்தில் கையெழுத்து என்னுடையது, கெட்டுப்போன தலையெழுத்து இன்னொருத்தருடையது.

அவர் ஏகாம்பரம். மைதானத்துக்கு இருந்த ஒரே ஆள். நாற்பது வயதிருக்கும். சைக்கிளில் இரண்டு பக்கமும் டின்னைக் கட்டிக்கொண்டு பூந்தமல்லி சாலையிலிருந்த மெக்கானிக் கடைகளில் எல்லாம் எரிந்த எண்ணெய் வாங்கி வருவார். விடிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்பது பிரவுனிலும் வெறுங்காலோடு நடப்பார். கட்டை விரலை மணலில் அழுத்திப் பார்த்தே பந்து ஓடுமா இழுக்குமா என்று சொல்லிவிடுவார். சொல்லச் சொல்ல நான் பலகையில் எழுதுவேன்.

“ஒண்ணு நல்லா ஓடும். ரெண்டு, மூணு பரவால்ல. நாலாவுது பேஜாரா கீது சார். எண்ணெ ஜாஸ்தியா ஊத்திட்டேன். எந் தப்புதான். அப்டியே எய்து.”

“உங்க தப்புன்னு எல்லாமா எழுதுவாங்க? மெதுவா ஓடும்னு போட்டுக்கறேனே.”

“ஏன் சார், ஆடுறவன் மணலு மேல கோச்சுக்கிறதா? எய்து சார்.”

எழுதினேன். ‘நான்காவது: எண்ணெய் அதிகம். ஏகாம்பரம் தவறு.’ படித்துவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

பிரவுனில் ஆடுவதற்கு ஒரு முறை உண்டு. இது தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. குழாயின் நுனியில் ஒரு கட்டை, அதில் சாக்கு சுற்றியிருக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் பாய். உங்கள் முறை வந்தால் பந்தை எடுத்துவிட்டு அங்கே ஒரு கல்லை அடையாளம் வைக்கவேண்டும். குழியிலிருந்து அந்தக் கல்வரை பாயை நேராக இழுக்கவேண்டும். ஒரே இழுப்பு, அழுத்தக்கூடாது, நடுவில் நிறுத்தக்கூடாது. காலடித் தடமெல்லாம் அழிந்து பந்துக்குச் சுத்தமாக ஒரு பாதை கிடைக்கும். நடுவில் நிறுத்திப் பாயைத் தூக்கினால், தூக்கிய இடத்தில் மணல் ஒதுங்கிச் சின்னதாக ஒரு வரப்பு நின்றுவிடும். முதல் நாள் வருகிறவனுக்கே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை கோப்பை ஆட்டம் நடக்கும். கோப்பை பித்தளைதான், அதற்காக யாரும் உயிரை விடமாட்டார்கள். ஆனால் அந்த வருஷம் ஜெயிப்பவரை நகரத்துக்குள் இருக்கிற பெரிய மைதானத்துக்கு ஆட அனுப்புவதாகக் கமிட்டிச் செகரட்டரி சொல்லியிருந்தார். நிஜப் புல். நான் அதுவரை புல் மேல் பந்தை உருட்டியதே கிடையாது. ஒரு மாதம் எனக்கு அதே நினைப்பு. டிராயிங் பலகையில் கோடு போடும்போதுகூடப் புல் மேல் பந்து எப்படி ஓடும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். சிரிக்காதீர்கள், இருபத்திநாலு வயதில் ஆசைப்படுவதற்கு எனக்கு வேறெதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

கடைசி ஆட்டம் எனக்கும் சேகருக்கும். சேகர் பாடியில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர், வாய்க்காரன், நல்ல சிநேகிதன். எட்டுக் குழி முடிந்தபோது சமமாக இருந்தோம். ஒன்பதாவதில் அவன் முடித்துவிட்டான். நான் ஒரே அடியில் உள்ளே தள்ளினால் ஜெயித்தேன், தவறினால் மறுபடி சமம். பந்துக்கும் குழிக்கும் ஒரு முழம்தான் இருக்கும். சுற்றி இருபது பேர் நின்றார்கள், செகரட்டரி கைத்தடியோடு முன்னால் நின்றார். நான் பாயை இழுத்துக்கொண்டு வருகிறேன். “மாமே, இன்னா கை நடுங்குது? கல்யாணத்துல தாலி கட்டச்சொல்லோ இன்னா பண்ணுவே?” என்றான் சேகர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு பாயைத் தூக்கிவிட்டேன். கல்லுக்கு ஒரு சாண் முன்னாலேயே தூக்கிவிட்டேன்.

தெரியும். குனிந்து பந்தை வைக்கும்போதே அந்த வரப்பு கண்ணில் பட்டது. இரண்டாம் முறை இழுக்க விதி இடம் கொடுக்காது. தாண்டிவிடும் என்று நினைத்து அடித்தேன். பந்து வரப்பில் ஏறி, இடப்பக்கம் விலகி, குழியை உரசிக்கொண்டு போய் நின்றது. சமத்தை முறிக்க அடுத்து ஆடிய குழியில் சேகர் ஜெயித்தான். அவன் பெரிய மைதானத்துக்குப் போய்விட்டு வந்து புல்லைப் பற்றி எவ்வளவோ சொன்னான். ஒன்றும் என் காதில் ஏறவில்லை.

ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நான் கொட்டகைக்குள் போனேன். அங்கே ஒரு குறிப்பு நோட்டு இருக்கும், மைதானத்தைப் பற்றி யாரும் எதுவும் எழுதலாம். என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: ‘ஒன்பதாவது பிரவுன் ஒழுங்காகப் பராமரிக்கப்படவில்லை. மணல் சமமாக இல்லை. பொறுப்பாளரின் கவனக்குறைவு.’ எழுதி முடித்ததும் மனசுக்கு ஒரு குளிர்ச்சி வந்தது பாருங்கள், அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. தோற்ற முகத்தை எவன் காட்டுவான்? அதற்கடுத்த வாரம் போனபோது பலகை காலியாக இருந்தது. ஏகாம்பரத்தைக் காணோம். செகரட்டரியே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். “நீ எழுதினதைப் படிச்சேன் தம்பி. எதுக்கும் நேர்ல பாத்துடலாம்னு போனேன். நீ எழுதினது சரிதான். ஒன்பதாவதுல வரப்பு மாதிரி மணல் நிக்குது. ஒரு வாரமா அவன் அந்தப் பிரவுன்ல கையே வைக்கலைன்னு எல்லாரும் சொல்றாங்க. கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறான். நிறுத்திட்டேன்.”

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நிம்மதி. ஆள் நிஜமாகவே அசட்டையாகத்தான் இருந்திருக்கிறார், நான் எழுதியது பொய்யில்லை, ஒருவேளை அன்றைக்கும் மணல்தான் சரியில்லையோ என்னவோ. இப்படியே சொல்லிச் சொல்லி ஐந்தாறு வருஷம் ஓட்டினேன். மனசாட்சிக்கு மருந்து கொடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை.

பிறகு ஒரு நாள் பட்டறை நண்பர் ஒருவரின் கல்யாணத்துக்காகக் கரையான்சாவடி போயிருந்தேன். மண்டப வாசலில் விசில் ஊதி வண்டிகளுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தவர் ஏகாம்பரம். காக்கிச் சட்டை, தலை பாதி நரைத்திருந்தது. எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. அதற்குள் அவரே பார்த்துவிட்டார்.

“இன்னா சார், நல்லா கீறியா? ஆட்டமெல்லாம் ஆடினுகீறியா?”

“எப்பவாவது” என்றேன். பொய், அந்த மைதானத்துப் பக்கம் போய் வருஷக்கணக்கு ஆகியிருந்தது. பிறகு சும்மா இருந்திருக்கலாம். ஏதோ ஒரு திமிர், கேட்டுவிட்டேன். “ஏன் ஏகாம்பரம், அந்த ஒன்பதாவதை ஏன் அப்படி விட்டுட்டீங்க?”

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். கோபமாகக்கூட இல்லை.

“அது பாய் தூக்குன தடம் சார். நீ தூக்குனது. சாயங்காலம் பெருக்கப் போனப்போ பாத்தேன். நோட்டுல உன் எய்த்தயும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். செரி, சூட்டுல எய்திட்டாரு, நல்ல மன்சன், வந்து பாத்தார்னா தானே அந்த வரிய அடிச்சிடுவாருன்னு தடத்தக் கலைக்காம வுட்டு வெச்சேன். அத்தினி பேரும் திட்னாங்க. யாரையும் மிதிக்க வுடலியே. நீ வர்ல.”

“செகரட்டரி கேட்டப்போ சொல்லியிருக்கலாமே?”

“நான் சொன்னா நம்புவாரா? நீ சொல்லணும் சார் அத.”

அதற்குள் ஒரு கார் குறுக்கே வந்து நின்றது. விசிலை ஊதிக்கொண்டு அவர் போய்விட்டார். நான் உள்ளே போனேன். மொய் வைத்தேன், பந்தியில் உட்கார்ந்தேன், பாயசம்வரை சாப்பிட்டேன். ஆமாம், சாப்பிட்டேன். பிறகு சமையல்கட்டு வழியாகப் பின்கதவைத் தேடி வெளியே வந்து பஸ் ஏறினேன். ஒரு மன்னிப்பு கேட்க வாசல்வரை நடக்க முடியாதவனுக்கு ஒரு முழ தூரத்துப் பந்து உள்ளே போகாததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது.

மனசு கேட்காமல் மூன்று மாதம் கழித்து மறுபடி அந்த மண்டபத்துக்குப் போனேன். வேறொருவர் விசிலோடு நின்றார். ஏகாம்பரம் வேலையை விட்டுப் போய்விட்டார், எந்த ஊர் என்று தெரியாது என்றார். அங்கிருந்து நேராக மைதானத்துக்குப் போனேன், செகரட்டரியிடமாவது சொல்லிவிடலாம் என்று. செகரட்டரி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மைதானத்தில் தகரத் தடுப்பு அடித்துவிட்டார்கள். உள்ளே மண் கொட்டி மேடாக்கிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேனிடம் கெஞ்சி உள்ளே போய்ப் பார்த்தேன். கொட்டகை இருந்த இடத்தில் சிமென்ட் மூட்டை அடுக்கியிருந்தது. நோட்டுகளையெல்லாம் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொண்டு போனதாகச் சொன்னார்கள்.

இப்போது அங்கே பதினோரு மாடிக் குடியிருப்பு நிற்கிறது. ஒன்பதாவது குழி எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கே நிச்சயமில்லை. நோட்டு இல்லை, அதைப் படித்த செகரட்டரி இல்லை, அது பொய் என்று தெரிந்த ஏகாம்பரம் எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்று தெரியவில்லை. அடிக்கவேண்டிய மூன்று வரி மட்டும் எனக்கு இன்னும் ஓர் எழுத்து பிசகாமல் மனப்பாடம்.